கோநகர் மறைந்தும் கோயில் நின்ற கங்கைகொண்ட சோழபுரம்

ஐப்பசித் திங்கள் நிறைமதி நாளில் சிவாலயங்கள்தோறும் அன்னாபிடேகம் நிகழ்வதை அன்பர்கள் நன்கறிவர். அந்நாளில் கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. ஏறத்தாழ 13 அடி உயரமுள்ள பெருவுடையார் திருமேனி முழுதும் வெண்சோற்றால் மூடப்பெறும் காட்சியைக் கண்டு, திருநீறு பெற்று, இரவே ஊர் திரும்பி விடுகின்றனர் பலர். தாம் நின்ற மண் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராய் விளங்கிய மண் என்பதும், அம்மாநகர் போன இடம் தெரியாது போயிற்று என்பதும் அவருட் பலர்க்கு நினைவில் எழுவதில்லை. கோயிலை மட்டும் கண்டு நகரைக் காணாது வருதல் பாதிப் பயணமே என்பது நம் கருத்து. ஆகவே, நாம் அண்மையில் அன்பர் சிலருடன் அவ்வூர் சென்று கண்டவற்றையும், வழியில் நம்மிடையே எழுந்த ஓர் ஐயத்தையும் இங்கு எழுதத் துணிந்தோம்.

கும்பகோணத்தினின்று விடியலில் ஒரு வேனிற் புறப்பட்டோம். நம்முடன் வந்தோருள் இருவரைப் பற்றி மட்டும் கூறுதல் வேண்டும். ஒருவர் திருமுறைகளிற் பயின்ற முதியவர். கோயிலொழுக்கத்தில் இம்மியும் பிசகாதவர். மற்றொருவர் காட்டுமன்னார்கோயிற் பக்கத்து வேளாளப் பெருமகன். வடவாற்றுப் பாசனத்தில் மூன்று தலைமுறையாகப் பயிரிடுபவர். தம் வயலில் விளைந்த அரிசி ஒரு மூட்டையை அன்னாபிடேகத்திற்கென்று கொணர்ந்திருந்தார். அம்மூட்டை வண்டியின் பின்னிருக்கையில் மஞ்சள் துணி சுற்றி வைக்கப்பெற்றிருந்தது.

திருப்பனந்தாளைக் கடந்து அணைக்கரையை அடைந்தோம். கொள்ளிடம் இரு கரையும் நிறைந்து ஓடியது. வேளாண் பெருமகனார் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக் கொண்டார். “எங்கள் வயிறு நிறைவது இந்த அணையால்தான் ஐயா” என்றார். அப்பொழுது முதியவர், அவரைப் புண்படுத்தும் எண்ணம் சிறிதுமின்றியே, “இந்த அணையில் இருப்பது நாம் போகின்ற கோயிலின் திருமதில் ஐயா. வெள்ளைக்காரன் இடித்துக் கொண்டு வந்து போட்டான். சிவன் சொத்து குலநாசம் என்று பெரியோர் சும்மாவா சொன்னார்கள்?” என்றார். சொன்னவர் சொல்லிவிட்டு ஏறி அமர்ந்து கொண்டார். கேட்டவரோ அதன்பின் நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

முதியவர் கூறியது பொய்யன்று. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றது 1836-இல். அப்பணிக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. அருகில் மலையில்லை, ஆனால் அரசரால் கைவிடப்பெற்ற ஊரில், காவலற்ற பெருங்கோயிலொன்று இருந்தது. அதன் சுற்றுமதிலையும், சிற்ப வேலைப்பாடமைந்த கற்கள் பலவற்றையும் பெயர்த்து வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். 1855-இல் ஆங்கிலத்தில் அச்சான தென்னாட்டு ஊர்விவர நூலொன்று இக்கொடுமையை மறையாது எழுதியிருக்கின்றது. எழுதியவரும் ஆங்கிலேயரே என்பது குறிக்கத்தக்கது. ஊரிலிருந்த ஏழை மக்கள் தம்மாலியன்ற மட்டும் தடுத்தனர் என்றும், அக்கோயிலின்மேல் யாதோர் உரிமையுமில்லாத அரசின் ஏவலர் அவர்களைக் கீழ்ப்படியாமைக்காகத் தண்டித்தனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அளித்த வாக்குறுதி நிறைவேற்றப்படவேயில்லை என்றும் அந்நூல் கூறுகின்றது. அரசரும் படைகளும் அகன்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னரும், தம் இறைவன் மதிலுக்காக அடிபட நின்ற அம்மக்களின் பெயர் ஒன்றேனும் எழுதப்பெறவில்லை. பேரரசர் பெயர்களை மனப்பாடம் செய்யும் நாம் அவர்களையும் ஒருகால் நினைத்தல் தகும்.

இனி, அக்கற்களால் தேங்கிய நீர் எங்கே சென்றது என்பதையும் சொல்லுதல் முறை. வடக்கு இராசன், தெற்கு இராசன் வாய்க்கால்களாகவும் வடவாறாகவும் பிரிந்து பல்லாயிரம் வேலி நிலத்தை அது ஊட்டுகின்றது. வடவாறு சென்று நிரப்புவது வீராணத்தை. அது முதற் பராந்தகச் சோழனது விருதுப் பெயரால் அமைந்த வீரநாராயணப் பேரேரியே யன்றோ! சோழன் எடுத்த கோயிலின் கல்லைக் கொண்டு, சோழன் வெட்டிய ஏரிக்கு நீர் ஏற்றியிருக்கின்றனர். இதனை ஆறுதலாகக் கொள்வதா, வேதனையாகக் கொள்வதா என்று அணைக்கரையில் நின்றபோது நமக்கு விளங்கவில்லை.

கோயிலுக்குச் செல்லுமுன் பொன்னேரியைக் காணச் சென்றோம். கங்கைகொண்ட சோழபுரம் பேராறு எதன் கரையிலும் அமைந்த ஊரன்று. கொள்ளிடத்திற்கு வடக்கே சற்று மேடான, வானம் பார்த்த நிலம் அது. அத்தகைய நிலத்தில் மாநகர் அமைக்கத் துணிந்த முதலாம் இராசேந்திரன், நகரோடு நீரையும் உண்டாக்க வேண்டியவனானான். அவன் எடுத்த ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். வடபுலம் சென்ற அவன் படைத்தலைவன், வென்ற மன்னரைக் கொண்டே கங்கை நீரைச் சுமப்பித்து வந்தான் என்றும், கோதாவரிக் கரையில் எதிர்கொண்ட அரசன் அதனைப் பெற்று வந்தான் என்றும், அந்நீர் கலந்த இவ்வேரியே அவன் நாட்டிய நீர்மயமான வெற்றித் தூண் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உரைக்கின்றன. வெற்றி பெற்ற வேந்தர் கல்லிலே தூண் நாட்டுவர்; இவனோ நீரிலே நாட்டினான். ஈசன் சடையிற் பொருந்திய நீராதலின், சைவனாகிய அவனுக்கு அதனினும் பெரிய வெற்றிச் சின்னம் வேறென்ன இருத்தல் கூடும்?

அவ்வேரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீண்டு கிடந்தது என்று முன் சொன்ன 1855-ஆம் ஆண்டு நூல் கூறுகின்றது. கொள்ளிடத்தினின்று 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்றும், வெள்ளாற்றினின்று சிறியதோர் கால்வாயும் அதற்கு நீர் கொணர்ந்தனவாம். பகைவர் படை வந்து வேண்டுமென்றே ஏரியைப் பாழ்படுத்திற்று என ஊரார் சொன்னதாகவும் அதில் காண்கின்றோம். நாம் கண்டது பெருங்கரையின் மிச்சமும், ஓரளவு நீரும், கரைமேல் மேயும் ஆடுகளுமே. நகரம் ஏன் அழிந்தது என்று வினவுவோர் பெரும்பாலும் போர்களையே பேசுவர். நம் சிற்றறிவுக்கோ இவ்வேரிக்கரையில் விடையின் பாதி கிடக்கின்றதென்றே தோன்றுகின்றது. ஆற்றங்கரை ஊர் கொள்ளையுண்டாலும் மீண்டும் எழும். ஏரியால் வாழும் ஊர், கால்வாயைத் தூர் வாரும் அரசு இல்லையெனில் எழுவதரிது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். கோயில் திருச்சுற்றின் வடபால் உள்ள சிங்கக் கிணற்றிலேதான் கங்கை நீர் ஊற்றப்பெற்றது என்று வழிகாட்டுவோர் சொல்லுவர். கிணற்றுக்குள் இறங்கும் வழியைத் தன் உடலிற் கொண்ட அச்சிங்க உருவம் சுதையால் பிற்காலத்தில் அமைந்தது. செப்பேடு கூறுவது ஏரியையே. அதற்காகக் கிணற்று நீரைத் தலையில் தெளித்துக் கொள்ளும் அன்பரைத் தடுக்க வேண்டுவதில்லை. ஏரியையும் ஒருமுறை சென்று காணுமாறு சொன்னாற் போதும்.

பொன்னேரியினின்று உட்கோட்டை வழியாக மாளிகைமேட்டுக்குச் சென்றோம். ஊர்ப் பெயர்களைக் கேட்டுக் கொண்டே செல்லுங்கள். மறைந்த நகரம் அப்பெயர்களிலே உயிரோடிருக்கின்றது. உட்கோட்டை என்பது அரண்மனை சூழ்ந்த உள்ளரண். மெய்க்காவல்புத்தூர் அரசனது மெய்க்காவற் படையினர் குடியிருப்பு. ஆயுதக்களம், யுத்தபள்ளம், சுண்ணாம்புக்குழி ஆகியவற்றிற்கு உரை வேண்டா. கடல் கடந்து 1025-இல் கொண்ட வெற்றியைக் கடாரங்கொண்டான் என்னும் ஊர் இன்றும் தாங்கி நிற்கின்றது. அவ்வூர்ப் பெயர் எழுதிய பலகையின் கீழே பேருந்துக்குக் காத்திருந்த பள்ளிச் சிறார் மூவரைக் கண்டோம். கடாரம் எங்குள்ளது என்று கேட்டதற்கு ஒரு சிறுமி தயங்காமல் “மலேசியாவில் இருக்கிறது தாத்தா, கெடா என்று பெயர்” என்றாள். முதியவர் அவளுக்குத் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

மாளிகைமேடு கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் 1980-ஆம் ஆண்டு முதற்கொண்டு பல பருவங்களில் அங்கு அகழ்ந்தனர். 2021-க்குப் பின்னும் அகழாய்வு தொடர்ந்தது. செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற் பீடங்கள், கூரை ஓடுகள், இரும்பாணிகள், சீன நாட்டுப் பாண்டங்களின் உடைசல்கள் முதலியன வெளிப்பட்டன. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டுக்களிற் பெயர் பெற்ற அரண்மனையின் எச்சம் இவ்வளவே. முதற் குலோத்துங்கனும் இவ்வூரிலிருந்தே ஆண்டான். கலிங்கம் வென்றதைப் பாடிய சயங்கொண்டார் கண்ட நகர் இதுவே. இன்று முழங்காலளவு சுவரைச் சுற்றிக் கம்பிவேலி இட்டிருக்கின்றனர். நாம் சென்றபோது ஒரு நாய் அரசன் திருவோலக்க மண்டபம் இருந்திருக்கக் கூடிய இடத்தில் உறங்கிக் கொண்டிருந்தது.

அரண்மனை ஏன் இவ்வாறு தடமின்றிப் போயிற்று என்பதற்கு விளக்கம் எளிது. அது செங்கல்லும் மரமும் ஓடும் கொண்டு எடுக்கப்பெற்றது. நம் முன்னோர் கல்லை இறைவன் இல்லத்திற்கென ஒதுக்கித் தாம் வாழும் மாளிகைகளை மண்ணாலும் மரத்தாலும் அமைத்தனர். 1279-ஐ ஒட்டி மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவுற்று, நாடு பாண்டியர் வயமாயிற்று. அதன்பின் ஓடு சரிந்தது, மரம் உளுத்தது. எஞ்சிய செங்கல்லை ஊரார் தத்தம் வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் தோண்டிக் கொண்டனர். மண் வீடு மண்ணாயிற்று, அவ்வளவே. ஆனால் வென்ற பாண்டியரும் கோயிலைத் தொடவில்லை என்பது நினைக்கற்பாலது. குலசேகர பாண்டியன் முதலியோர் காலத்துக் கல்வெட்டுக்கள் இக்கோயிலில் உள்ளன. பகைவன் தலைநகரை விட்டொழித்தவர் பகைவன் தொழுத தெய்வத்துக்கு விளக்கெரிக்க மறுக்கவில்லை.

நண்பகலில் கோயிலை அடைந்தோம். கிழக்குக் கோபுரம் அடித்தளமளவாய்ச் சிதைந்து கிடக்கின்றது. மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகையில் ஒரு சிறு பகுதியே எஞ்சியுள்ளது. அதனைக் கண்டவுடன் வேளாண் பெருமகனார் நின்று விட்டார். மதில் நின்றிருக்க வேண்டிய இடத்தை நெடுகக் கண்ணால் அளந்தார். ஒன்றும் பேசவில்லை.

பேருருவினதாய், செங்கல்லும் சுதையும் கொண்டு அமைந்த நந்தியைக் கடந்து சென்றால் விமானம் கண்ணை நிறைக்கின்றது. 53 மீட்டர் உயரம் கொண்டது. அடிப்பகுதி ஏறத்தாழ 100 அடிச் சதுரம். தந்தை இராசராசன் தஞ்சையில் எடுத்த விமானத்தினும் உயரத்திற் குறைந்தது. தந்தையை விஞ்சலாகாது என்று மகன் குறைத்தான் என்பர் சிலர். அதற்குச் சான்று காட்டினாரைக் கண்டிலோம். அளவைக் கொண்டு பேசுவதை விடுத்து வடிவைக் காணுங்கள். தஞ்சை விமானம் நேர்கோடாக, ஆண்மையோடு வானில் ஏறுவது. இதுவோ மூலைகள் உள்வாங்கி, இடைப்பகுதி மெல்ல வளைந்து மேலே குவிவது. கூப்பிய கைகளைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். கி.பி. 1035-ஐ ஒட்டித் திருப்பணி நிறைவுற்றதாகக் கொள்வர். எடுத்தவன் பெயரைச் சொல்லும் அவன் காலத்துச் சாசனம் இக்கோயிலிற் கிடைக்காமை வியப்பன்றோ! வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டே இங்குள்ள முதன்மையான பழஞ்சாசனம். இராசேந்திரனே இதனைக் கட்டுவித்தான் என்பது எசாலம் என்னும் ஊரில் 1987-இல் வெளிப்பட்ட செப்பேட்டால் ஐயமற விளங்கிற்று. கருவூர்த் தேவர் இத்தலத்துக்கென்று பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையுள் வைத்தோதப்படுகின்றது. தஞ்சை இராசராசேச்சரத்தைப் பாடியவரும் அவரே. தந்தை கோயிலும் மகன் கோயிலும் ஒரே அடியவர் வாக்கில் இடம்பெற்றது இரு வேந்தர்க்கும் வாய்த்த பெரும்பேறு.

கருவறைக்குள் அபிடேகத் தொடக்கத்திற்கான ஏற்பாடுகள் நடந்தமையால் வெளிச்சுற்றில் திருவுருவங்களைக் கண்டு வழிபட்டோம். தென்புறத்தில் ஆடல்வல்லான் திருவடியருகே, எலும்பும் தோலுமாய்த் தாளமிட்டு அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைக் காணாது செல்லாதீர்கள். பேரரசன் எடுத்த கோயிலில், உடல் வனப்பை உதறிய பேயுருவுக்கு ஆண்டவன் அடியிலேயே இடம். அம்மையப்பர், அரியரர், பிட்சாடனர், இலிங்கோற்பவர் எனச் சுவர் முழுதும் சிவபுராணமே எழுதப்பெற்றிருக்கின்றது. உள்ளே ஒரே கல்லில் அமைந்த நவக்கோள் பீடம் ஒன்றுண்டு. ஏழு குதிரை பூட்டிய தேரின்மேல் கதிரவன் தாமரையாய் மலர, ஏனைய கோள்கள் சூழ அமைந்தது. நம் நாட்டு வழக்கமான நவக்கிரக அமைப்பினின்றும் வேறுபட்டது. வடகயிலாயத்தில் இன்று பெரியநாயகி அம்மை எழுந்தருளியிருக்கின்றாள். தென்கயிலாயம் வழிபாடின்றி இருக்கின்றது.

இவையனைத்தினும் மேலாக, வடக்கு வாயிற் படிகளின் அருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். உமையம்மை அருகிருக்க, இறைவன் தன் சடையிற் சூடிய கொன்றை மாலையை எடுத்து, தாழ்ந்து கைகூப்பி அமர்ந்த சண்டேசர் முடியிற் சுற்றுகின்றான். மாலை சுற்றும் விரல்களில் ஒரு தந்தையின் பரிவு தெரிகின்றது. வணங்கியிருப்பது இராசேந்திரனே, அவனுக்கே ஈசன் வெற்றிமாலை சூட்டுகின்றான் என்று அறிஞர் சிலர் கருதினர். அது பலர் வாயிலும் பரவிவிட்டது. நமக்கு அது உடன்பாடன்று. அம்முகத்தில் வென்றவன் செருக்கின் சாயல் சிறிதுமில்லை. அடியவர்க்கெல்லாம் தலைவராக்கப்பெற்ற ஒரு சிறுவனின் நாணமும் நடுக்கமுமே உள்ளன. அரசன் தன்னை அங்கே வைத்து எண்ணிப் பார்த்திருந்தால், சிறுவனாகவே எண்ணியிருப்பான்.

அங்கே முதியவர் தாமாகவே சண்டேசர் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். காலையில் நாம் கடந்து வந்த திருப்பனந்தாளை அடுத்த சேய்ஞலூரே அவர் அவதரித்த ஊர். விசாரசருமர் என்பது பிள்ளைத் திருநாமம். ஆன் மேய்ப்பவன் பசுவை அடிக்கக் கண்டு பொறாது, தாமே மேய்க்கும் தொழிலை ஏற்றார். பசுக்கள் அன்பு மிகுந்து தாமே பொழிந்த பாலை, மண்ணியாற்றுக் கரையில் ஆத்தி நிழலிலே மணலாற் செய்த இலிங்கத்திற்கு ஆட்டினார். இல்லங்களுக்குரிய பாலில் ஒரு துளியும் குறையவில்லை. எனினும் கண்டவர் ஊரிற் சென்று, பிறர் பொருளைப் பாழாக்குகின்றான் என்று பழி சாற்றினர். தந்தை எச்சதத்தன் வந்து அடித்தான். மகன் வழிபாட்டினின்றும் அசையாமை கண்டு பாற்குடத்தைக் காலால் உதைத்தான். அருகிற் கிடந்த கோலை எடுக்க அது மழுவாயிற்று. உதைத்த கால்கள் துணிந்தன. இறைவன் தோன்றி, இனி உனக்குத் தந்தை நாம் என்று எடுத்தணைத்துத் தொண்டர்க்குத் தலைமையும், தாம் உண்டதும் உடுத்ததும் சூடியதும் கொள்ளும் உரிமையும் அளித்தான்.

இங்கே வேளாண் பெருமகனார் முதன்முறையாக வாய் திறந்தார். “உதைத்த தகப்பன் என்ன ஆனான் ஐயா?” என்று கேட்டார்.

முதியவர் சற்றே தயங்கினார். “அவனும் சிவலோகம் சேர்ந்தான் என்று சேக்கிழார் பெருமான் சொல்கிறார். அடியவர் கையாலே குற்றம் நீங்கியது” என்றார்.

அதன்பின் விமானத்தின் வடபால் உள்ள சண்டேசர் சந்நிதிக்குச் சென்றோம். அங்கு மெல்லக் கைதட்டி, விரித்துக் காட்டுவது நம் வழக்கம். சிவன் சொத்துக்களுக்குக் காப்பாளராகிய அவர்முன், ‘இக்கோயிலின் பொருள் எதனையும் எடுத்துச் செல்லவில்லை’ என்று அறிவிக்கும் குறிப்பு அது. நாமெல்லாம் வழக்கம் போலச் செய்து நகர்ந்தோம். அவர் மட்டும் கை தட்டாது நின்றார். பிறகு எம்மிடம், “நான் வெறுங்கையன் என்று எப்படிக் காட்டுவது? இவர் மதிற்கல் தேக்கிய தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்த கை இது. கொண்டு வந்த அரிசியும் அந்தத் தண்ணீர்தான். எடுத்ததையே கொடுப்பதா? அந்த மூட்டையை இறக்காமலே கொண்டு போய்விடலாம் என்றிருக்கிறேன்” என்றார்.

நாம் விடை சொல்ல அறியாது நின்றோம். சிவன் சொத்தைக் கவர்தல் பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. கவர்ந்தவர் யார்? வாக்குக் கொடுத்து மாற்றியவர் யார்? அவர்கள் பழி அவர்களோடு. அணை கட்டுமாறு இவர் பாட்டனார் கேட்டிலர்; கல் பெயர்ந்தபோது ஊர் மக்கள் அடிபட்டதையும் பார்த்தோம். இருந்தும், பயன் தம்மிடம் வந்து சேர்ந்தது என்று ஒருவர் உள்ளம் கூசும்போது, ‘உமக்குப் பொறுப்பில்லை, போம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுதலும் முறையன்று. அக்கூச்சமே அவரை நம்மினும் உயர்ந்தவராகக் காட்டிற்று. விசாரசருமர் மேல் சாற்றப்பெற்ற பழி, ஊரார் பாலை ஈசனுக்கு ஊற்றினார் என்பது. இங்கே நடந்தது அதன் மறுதலை. ஈசன் கல்லை ஊரார் வயலுக்கு ஊற்றினர். முன்னதில் ஊரார்க்குப் பால் குறையவில்லை. பின்னதில் ஈசனுக்கு மதில் குறைந்தது, அதனை மறைத்தற்கில்லை. ஆனால் குறைந்தது மீளுதற்கு வழி, விளைந்ததை அவன் வாயிலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது ஆகுமா? இவ்வாறெல்லாம் நாம் எண்ணிக் கொண்டிருந்தோமேயன்றிப் பேசவில்லை.

பேசியவர் முதியவர்தாம். “காலையில் நான் சொன்னது தப்பு ஐயா” என்றார். “சொத்தை எடுத்தவனுக்குச் சொன்ன பழமொழியைச் சோறு போடுகிறவருக்குச் சொல்லிவிட்டேன். வாருங்கள்” என்று கூறி, தம் வயதையும் பாராது வண்டிக்குச் சென்று மூட்டையின் ஒரு முனையைப் பற்றினார். மற்றொரு முனையை அவர் பற்றிக் கொண்டார். இருவருமாகச் சுமந்து அடுக்களைக்குக் கொண்டு சென்றனர். நூறு மூட்டை அரிசி சமைக்கப்படும் இடத்தில் அந்த ஒரு மூட்டை எங்கு கலந்தது என்று சிறிது நேரத்தில் நமக்கே தெரியவில்லை.

அன்னாபிடேகத்தின் விவரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை, பலர் எழுதியுள்ளனர். காலை தொடங்கிக் கூடை கூடையாகச் சோறு வந்துகொண்டேயிருக்கின்றது. ஆவுடையார் மறைந்து, பாணம் சிறிது சிறிதாக மறைந்து, மாலையில் வெண்மலையொன்று கருவறைக்குள் எழுந்து நிற்கின்றது. நாம் கண்டபோது அந்தி விளக்கேற்றிக் கொண்டிருந்தனர். 2017 பிப்ரவரியில் குடமுழுக்குக் கண்ட கோயில். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவினர் ஏற்ற கோயில். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் பகற்பொழுதில் புறாக்களும் சில பயணிகளுமே இருப்பர். அன்று மட்டும் மறைந்த தலைநகரின் மக்களெல்லாம் திரும்பி வந்தாற்போலக் கூட்டம் நெருங்கிற்று. அக்கூட்டத்தில் பலர் சுற்று வட்டத்துச் சிற்றூரினர். உட்கோட்டையினின்றும் மெய்க்காவல்புத்தூரினின்றும் நடந்தே வந்தவர். காவற்படையின் பெயர் தாங்கிய ஊரார் இன்றும் வந்து நிற்கின்றனர். காக்கப்பட்ட அரசனைத்தான் காணோம்.

தீபாராதனை முடிந்து, சாத்திய அன்னம் களையப்பெற்று எல்லோர்க்கும் வழங்கப்பெற்றது. வாழையிலை நறுக்கில் அதனைப் பெற்று, மதில் இருந்து இல்லாமற்போன வடபுறத்துப் புல்வெளியில் அமர்ந்து உண்டோம். நிலவு விமானத்தின் பக்கவாட்டில் ஏறியிருந்தது. வேளாண் பெருமகனார் தம் பங்கை முழுதும் உண்டார். இலையில் ஒரு பருக்கையும் விடவில்லை.

புறப்படும்போது வழக்கப்படி மீண்டும் சண்டேசரிடம் விடைபெறச் சென்றோம். அவர் கையைக் கழுவவில்லை. தட்டவுமில்லை. விரல்களில் ஒட்டியிருந்த சோற்றோடு இரு கைகளையும் அப்படியே விரித்து, சந்நிதியின் முன் சிறிது நேரம் காட்டி நின்றுவிட்டு, எங்களோடு வண்டிக்கு வந்தார்.